ஐந்து ஆம்பியர்

மூன்றாவது ஃபியூசை
ஜன்னலுக்கு நேரே தூக்கிப் பார்த்தேன்.
கண்ணாடிக் குழாய் நெடுகக் கரி.

கம்பி மட்டும் அறுந்திருந்தால் லோடு அதிகம்,
கரி அப்பியிருந்தால் எங்கேயோ ஷார்ட்.
செவ்வாய்ப்பேட்டையில் ஐந்து ஃபியூஸ் வாங்கியபோது
சர்புதீன் சொன்னது, காசில்லாமல்.

"சிகரெட் தாளைச் சுத்திச் சொருகுங்க மேடம்,
ஏற்காட்ல எல்லாரும் அதான்"
என்கிறார் மாடிவீட்டு இன்பராஜ்.
வீடு அவருடையதுதான்.

எல்லாவற்றையும் பிடுங்கிவிட்டு
ஒவ்வொன்றாய்ச் செருகினேன்.
மானிட்டர் விழித்தது.
சிபியு உறுமியது.
மோடம், ஸ்பீக்கர், ஒன்றுமில்லை.
பிரிண்டர்:

டப்.

மூடியைக் கழற்றினால்
மழைக்கு ஒதுங்கிய பல்லி,
இரண்டு முனைக்கும் பாலமாய்க் கருகி.
பேனாவால் தள்ளினேன்.

அதே பேனாவால்
ராஜினாமாக் கடிதத்தையும் எழுதிவிடலாம்.
ஆனால்
இன்னும் ஒரு ஃபியூஸ் இருக்கிறதே.