எழுத்தைத் தின்ற கீறல்

டொங்காட்டில், சனிக்கிழமை நாலு மணிக்கு
என் கராஜை விட்டுக் கார் வெளியே போகும்,
கிராமபோன் உள்ளே வரும்.

எழுபத்தெட்டுச் சுற்றுத் தட்டு ஒன்று.
உறை இல்லை. நடுவில் ஒட்டிய தாளை
எந்தக் காலத்துக் கரப்பானோ அரித்துவிட்டது.
பாடியவள் யாரென்று தெரியாது.
தெரியாதது வசதி,
ஆளுக்கொரு பெயர் சொல்லிச் சண்டை போடலாம்.

இரண்டாம் நிமிடத்தில் ஒரு கீறல்.
டக்.
"...லையில் நின்றேன், நீ வரவில்லை."
முதல் எழுத்தை அது தின்றுவிட்டது.
தின்றதைக் கக்க வைப்பதுதான் எங்கள் ஆட்டம்.

"சாலையில்" என்றான் பூபாலன்,
முப்பது வருடம் டர்பனுக்கு பஸ் ஓட்டியவன்.
"அப்படியானால் அவன் உன் பஸ்ஸில் ஏறியிருப்பான்,
அதுதான் இன்னும் வந்து சேரவில்லை" என்றாள் கோகிலாம்பாள்.

"ஆலையில்" என்றாள் தவமணி.
"மூன்று ஷிப்டு ஓடுகிற கரும்பாலை.
எந்த ஷிப்டு என்று சொல்லாமல் நின்றால் எவன் வருவான்?"

நடேசன் கடலில் வலை இழுத்த குடும்பம்.
முதலில் "வலையில்", பிறகு "அலையில்".
"நெடில் கேட்கிறதப்பா, குறில் இல்லை" என்று தடுத்தேன்.
"நெடில் குறில் பார்த்து நின்றால்
சார்டைன் கூட்டம் போயே போய்விடும்" என்றான்.
"உலையில்" என்று நான் சொன்னதற்கு
"வெந்தவள் எப்படிப் பாடுவாள்?" என்று திருப்பிக் கொடுத்தான்.

லோகனுக்கு இருபத்திரண்டு வயது.
தமிழ்ப் பாட்டை இங்கிலீஷ் எழுத்தில் எழுதிப் பாடுகிறவன்,
ஓசை தெரியும், பொருள் தெரியாது.
"டோலையில்" என்றான்.
அப்படி ஒரு சொல்லே இல்லை என்றோம்.
"பாட்டில் இருக்கலாமே, அங்கிள்?"
அரை மார்க் கொடுத்தோம்.

"மாலையில்" என்று முதல் நாளே யாரோ சொன்னதுதான்.
பாதிப் பாட்டில் அதுதானே வருகிறது,
அதைத் தின்ன ஒரு கீறல் மெனக்கெடுமா என்று
தள்ளிவிட்டோம்.

நடுவில் ஒரு மாதம் ஊசி கிடைக்கவில்லை.
"தட்டுப்பாடு" என்றேன்.
"தட்டு, பாடு!" என்றாள் கோகிலாம்பாள்.
பூபாலன் தட்டிப் பார்த்தான்.
பாடவில்லை.

ஜூலையில், மாரிட்ஸ்பர்க்கில் ஒரு வீட்டைக் காலி செய்தார்கள்.
தவமணி துண்டில் சுற்றிக்கொண்டு வந்தாள்:
அதே தட்டு. கீறல் இல்லை.
"முதல் பத்து விநாடிதான் கேட்டேன், சத்தியமாக."

சாவி கொடுத்தேன்.
முள் அந்த இடத்தை நெருங்கும்போது
நடேசன் தொப்பியைக் கழற்றினான்.

"மாலையில் நின்றேன், நீ வரவில்லை."

பாட்டு முடிந்தும்
தட்டு சும்மா சுற்றிக்கொண்டிருந்தது.
பத்து மாதம். நோட்டில் நாற்பத்தொரு சொல்.
கடைசியில் மாலை.
பூபாலன் கார் சாவியைத் தேட ஆரம்பித்தான்.

"எந்த மாலை?" என்றாள் கோகிலாம்பாள்.
"பொழுதா, பூவா?"
"பூமாலையில் யார் நிற்பார்கள்?"
"கல்யாணப் பெண் நிற்பாள்.
மாலையும் கழுத்துமாய், வாசலைப் பார்த்துக்கொண்டு.
அவன் வரவில்லை."

தவமணி தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்தாள்.
மறுபடி போட்டோம்.
அதே குரல்தான்.
ஆனால் இந்தத் தடவை
சமைத்த சோறு ஆறிப்போகும் வாடை வந்தது எனக்கு.

லோகன்தான் கெடுத்தான்:
"மால்-ஐ-யில்? நான்கூட போன வெள்ளிக்கிழமை
மாலில்தான் நின்றேன். அவள் வரவில்லை."
"ஒரு வேற்றுமை உருபு மேல்
இன்னொன்று ஏறாது, தம்பி."
"பூபாலன் அங்கிள் பஸ்ஸில் ஏறுமே!"

பூபாலன் சாவியை மேசை மேல் போட்டான்.
நோட்டில் புதுப் பக்கம் திருப்பினேன்.
வெளியே எங்கோ கரும்புக்குத் தீ வைத்திருக்கிறார்கள்,
கறுப்புச் சருகு காரின் மேல்
ஒவ்வொன்றாய் இறங்குகிறது.

"இன்னொரு தடவை போடு."
"எதை? கீறியதையா, கீறாததையா?"