அரைப்புள்ளி

என் மவுஸ் கீபோர்டுக்கு இடப்பக்கம் இருக்கும்.
காரைக்குடி, கல்லுக்கட்டி, பெயின்ட் கடை மாடி.
மூன்று கணினி, ஒரே ஏசி, அதுவும் சார் அறையில்.
சேர்ந்த அன்றைக்கே ஜாகிர் கேட்டான்:
"நொட்டாங்கையா நீ?
டிரிம்முக்கு டி ஆர், காப்பிக்கு சி ஓ,
முக்காலும் இந்தப் பக்கம்தான் கிடக்கு.
கையைக் கை தாண்டுமா?"

தாண்டியது. இரண்டு வருஷம்.
மவுஸை விட்டு, தட்டி, மறுபடி பிடித்து,
தேவகோட்டை பஸ்ஸில் கம்பியைப் பிடித்தால்
மணிக்கட்டு தனியாக முனகும்.
சோறு சோத்தாங்கையில்தான் தின்கிறேன்,
மொய்க் கவரும் அதில்தான் நீட்டுகிறேன்.
கோடு மட்டும் வர மாட்டேன் என்கிறது.

ஆடி. யாரும் நிலை வைக்காத மாதம்.
வயிரவன் சார் மகளைப் பார்க்க ஈப்போ போயிருந்தார்.
அந்தக் கோப்பைத் திறந்தேன்.
நோட்பேடில் சும்மா ஒரு பட்டியல்:
சுருக்கம், காற்புள்ளி, நட்சத்திரம், முழுப் பெயர்.
அவ்வளவுதான்.
இரண்டு வருஷ வலிக்கு
இந்தத் தாழ்ப்பாள்தானா போட்டிருந்தது?

டிரிம்மை ஜே-க்கு மாற்றினேன்.
எக்ஸ்டெண்டை கே-க்கு.
வெட்டுவதும் நீட்டுவதும் அடுத்தடுத்த விரலில்.
காப்பி என்-னுக்கு வந்தது, ஃபில்லட் யு-வுக்கு.
எரேஸை மட்டும் பழைய ஈ-யிலேயே விட்டேன்,
அழிக்கிறபோது கை கொஞ்சம் நடக்கட்டும்.
வேண்டாத வரிக்கு முன்னால் ஒரு அரைப்புள்ளி.
அது போட்டால் வரி கோப்பில் இருக்கும்,
மென்பொருள் படிக்காமல் தாண்டிப் போகும்.

மறுநாள் ஜாகிர் என் இடத்தில் உட்கார்ந்து
எதையோ தட்டினான், எதுவோ நடந்தது.
"அடைக்கலமேரி, உன் மிஷினுக்குப் பேய் பிடிச்சிருக்கு."
பேய்தான். என் கைப்பேய்.

ஆவணியில் கானாடுகாத்தான்.
முகப்பு, வளவு, இரண்டாங்கட்டு, அடுப்படி.
அந்த ஊரில் அறைக்குப் பெயரே வீடு;
ஒரு வீட்டுக்குள் பதினேழு வீடு,
பதினேழு பூட்டு, பதினாறு துருப்பிடித்தவை.
பராமரிப்புக் கணக்குக்கு வரைபடம் வேண்டுமாம்,
எந்தப் புள்ளிக்கு எந்த வீடு என்று.

புள்ளி என்றால் பாயின்ட் என்றிருந்தேன்.
சார் சிரித்தார்: "கல்யாணமான ஜோடி ஒரு புள்ளி, மேரி.
இங்கே மொத்தம் பதினாறரை."
"அரை?"
"புருஷன் தவறிட்டா அரை.
அந்தக் கடைசி வீட்டில் பேர் வேண்டாம்,
ஸ்டோர்னு போடு.
மூத்த பங்காளி சொல்லிட்டார்."

துருப்பிடிக்காத பூட்டு அதுதான்.
அளக்கப் போன அன்று
டேப்பின் மறுமுனையைப் பிடித்தவர் அவர்தான்.
நாற்பது இருக்கும். மதுரையில் வங்கி வேலை.
மாதம் ஒரு சனிக்கிழமை வந்து
கதவைத் திறந்து, கூட்டி, பூட்டிப் போவார்.
உள்ளே இந்த வருஷத்துக் காலண்டர்.
பத்துக்கு எட்டரை. மேலே ஒரு சின்ன ஜன்னல்.
"ஜன்னலை விட்டுடாதீங்க" என்றார்.
வேறெதுவும் சொல்லவில்லை.
எல்லோரும் சாலா, சாலா என்றார்கள்,
டேப்பைப் பிடி சாலா, காபி கொண்டா சாலா.

ஸ்டோர் என்று தட்டினேன்.
கோடெல்லாம் சரி, அளவெல்லாம் சரி.
ஜன்னலும் இருக்கிறது.
ஜே-யின் மேல் சுட்டுவிரல் சும்மா நின்றது.
காற்புள்ளி, அரைப்புள்ளி, புள்ளி.
இந்த ஊருக்கும் அந்தக் கோப்புக்கும்
யார் யாரிடம் கற்றார்களோ.

போன் போட்டேன்.
"உங்க முழுப் பேர் என்ன?"
கொஞ்ச நேரம் பேச்சில்லை.
பின்னால் டோக்கன் எண் கூப்பிடும் சத்தம்.
பிறகு சொன்னார்.

பிரிண்ட் சார் மேஜையில் இருக்கிறது.
நாளைக்குப் பார்ப்பார், கேட்பார்.
என்ன சொல்வது என்று இன்னும் யோசிக்கவில்லை.
ஈ தட்டி ஸ்டோரை அழிக்க
கை அவ்வளவு தூரம் நடந்தது.
அந்த இடத்தில், சுருக்கம் எதுவும் இல்லாமல்,
ஒவ்வோர் எழுத்தாக:
விசாலாட்சி.