கோட்டைக்குள் ஒரு வெள்ளிக்கிழமை

கச்சேரி இன்னும்
புளியந்தீவுக் கோட்டையை விட்டுப் போகாத காலம்.
என் பிறப்பு அத்தாட்சிப் பத்திரத்தில்
யசோதினியை அசோதினி ஆக்கிவைத்த
யாரோ ஒரு பதிவாளரின் அவசரத்துக்காக
விடுமுறையில் வந்தவள்
வெள்ளி காலை எட்டே காலுக்கு வரிசையில் நின்றேன்.
இலக்கம் நாற்பத்தொன்று.

முன்னால் வாழைச்சேனைக்காரர்.
காணிக் கடிதத்தைப் பொலித்தீனில் சுற்றி
நெஞ்சோடு பிடித்திருந்தார்.
பின்னால் காத்தான்குடிப் பெண்,
இடுப்பில் பிள்ளை,
பிள்ளையின் கையில் என் குடை.
உள்ளே மின்விசிறி சுழன்றது.
அந்தத் தடித்த சுவரிடம் அனுமதி கேட்டுத்தான்
காற்று எங்கள் பக்கம் வரவேண்டும் போல.

வாசலுக்கு மேலே மூன்று எழுத்து,
ஒன்றுக்குள் ஒன்று கால் நுழைத்தபடி.
சின்ன வயதில் அதை
ஏதோ சோடாக் கம்பனியின் அடையாளம் என்று நினைத்திருந்தேன்.
போன ஒக்டோபரில்
அதே எழுத்தை ஹோர்ன் நகரில்
பிஸ்கற் தகரம் ஒன்றின் மூடியில் கண்டேன்.

சனி, ஞாயிறு. மூன்று பேர்.
குழுச் சலுகையில் ரயில் ரிக்கற்,
பழைய நகரங்கள் இரண்டு,
ஈரப்பதம் போகாத ஒரே சோடிக் கையுறையை
மாறி மாறிப் போட்டுக்கொண்டோம்.
எல்மினாவில் பிறந்த எஃபுவா,
மக்காசாரில் பிறந்த தென்றி,
நான்.
ஹோர்னில் பழைய வீடுகள் தெருப்பக்கம் சாய்ந்து நின்றன,
எங்களை முன்பே எங்கோ பார்த்த மாதிரி.
பிஸ்கற் இரண்டு யூரோ நாற்பது.
தென்றி மணந்து பார்த்தாள்.
கறுவா, சாதிக்காய், கராம்பு என்று
வகுப்பில் பெயர் கூப்பிடுவதுபோல் சொன்னாள்.

எங்கட ஊரிலயும் இவங்கட கோட்டை இருக்கு என்றேன்.
எங்களுக்கும் உண்டு என்றாள்.
எஃபுவா தெருவின் கல்லைப் பார்த்து நடந்தாள்.

மறுகா என்க்ஹௌசன்.
நூதனசாலை வாசலில் கட்டணப் பலகை.
நாங்கள் இருவரும் உள்ளே போய்
கண்ணாடிப் பெட்டிக்குள் மிளகு பார்த்தோம்.
சாய்ந்து பார்த்ததற்குக் காவலாளி
தொடவேண்டாம் என்றார்,
மிளகை.

எஃபுவா வரவில்லை.
துறைமுகச் சுவரில் குந்தி
காகிதக் கூம்பில் பொரித்த மீன் தின்றுகொண்டிருந்தாள்.
எங்கள் கோட்டையில் கடல் பக்கம் ஒரு கதவு, என்றாள்,
ஒரு ஆள் மட்டும் நுழையும் அகலம்.
அதால் போனவர்களிடம் ஒருவரும் ரிக்கற் கேட்கவில்லை.
சொல்லி முடிக்க முன்
கடற்காகம் ஒன்று அவள் மீனைப் பறித்துப் போனது.
சிரித்தாள். மறுகா அழுதாள்.
மறுகா மூவருமாகச் சில்லறை சேர்த்து
இன்னொரு கூம்பு வாங்கினோம்.

உங்கள் கோட்டையில் என்ன இருக்கு என்று கேட்டாள்.
வரிசை, என்றேன்.

திரும்பும் ரயிலில் உறங்கி
இறங்கவேண்டிய இடத்தைத் தாண்டிவிட்டோம்.

நாற்பது என்று கூப்பிட்டார்கள்.
வாழைச்சேனைக்காரர் பொலித்தீனைப்
பிள்ளைக்குச் சட்டை கழற்றுவதுபோல் கழற்றினார்.
அவருக்கு முத்திரை குத்தி முடிய
கணினி நின்றது.
'சிஸ்டம் இல்ல கா. திங்கள் வாங்க.'

வாவிப் பக்கம் பீரங்கி.
அதன் வாய்க்குள் யாரோ திணித்த யோகட் கோப்பை,
கரண்டியோடு.
படம் எடுத்து இருவருக்கும் அனுப்பினேன்.
தென்றியிடமிருந்து ஒரு மஞ்சள் முகம்.
எஃபுவா கேட்டாள்:
உள்ளே போக எவ்வளவு?
காசில்லை என்று எழுதினேன்.
ஆனால் திங்களும் வரவேண்டும்.

வெயில் மண்டையில் ஏறியபோதுதான்
குடை ஞாபகம் வந்தது.
கிறுகி
அந்த மூன்று எழுத்தின் கீழால்
மறுகா உள்ளே போனேன்.