கவ்வாத்து

முழங்கைக்குள் மூன்று வட்டம்.
பெரியது ரெண்டு ரூபாய்க் காசளவு,
ஓரம் சிவந்து, நடுவில் வெளுத்து.
சட்டைக் கை உரசினால் எரிகிறது.
மடுவத்தில் கொழுந்து நிறுக்கும்போது
கண்டுவிட்ட அமலோற்பவம்
தன் கூடையைத் தள்ளி வைத்தாள்.

டிஸ்பென்சரிக்குப் போனேன்.
புதிதாக வந்திருக்கும் ஹேமந்த ஐயா
மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிப் பார்த்தார்.
"படர்தாமரை" என்றார்.
பிறகு, பேனையை மூடாமலே,
"யாரோட படுக்கிறது?"

வாங்கில் இருந்த ஆறு பேரும்
இருமலை நிறுத்தினார்கள்.

புருஷன் வெள்ளவத்தையில்
அரிசி மூட்டை இறக்குகிறார்.
தீபாவளிக்கு வந்து போனவர்
இனி ஆடிக்குத்தான் வருவார்.
அந்த ஆறு பேருக்கும் இது தெரியும்.
"தனியத்தான்" என்றேன்.

ஐயா எழுதவில்லை.
என் தோளிலிருந்து ஒரு செம்மயிரை
இரண்டு விரலால் எடுத்து
மேசையில் வைத்தார்.
அதைப் பார்த்துக்கொண்டே
உடைந்த தமிழில் சொன்னார்:
"உண்ணி வரும். தெள்ளு வரும்.
பூச்சி முட்டை கைக்கு வரும், கையிலிருந்து வாய்க்கு.
ஊசி போட்டதா இந்த நாய்?
புண்ணை நக்க விடுறதா?"

பெருவிரலை
முந்தானைக்குள் ஒளித்தேன்.
கத்தி கிழித்த இடம்.
இரவிரவாக அவன்தான் நக்கி ஆற்றினான்
என்று எப்படிச் சொல்வது?

ஏழாம் நம்பர் மலையில்
கவ்வாத்து வெட்டின மாசம்
மிலாறுக் குவியலுக்குள் கிடந்தான்.
வால் பாதிதான் இருந்தது.
யார் நறுக்கினார்களோ.
அதனால் பெயர் கவ்வாத்து.
கட்டிலில் ஏற்றியது நான்தான்.
தகர இடுக்கால் மழை அடித்த ஒரு கிழமை,
கூடை சுமந்து கழன்ற இடுப்புக்கு
அவன் முதுகை அணைத்துப் படுத்தேன்.
கொதிதண்ணி ஒத்தடம்
அரை மணியில் ஆறிவிடும்.
இவன் விடியும்வரை ஆறுவதில்லை.

அன்றிரவு சாக்கை இஸ்தோப்பில் போட்டுக்
கதவைச் சாத்தினேன்.
அவன் வெளியே கதவைச் சுரண்டினான்.
நான் உள்ளே கையைச் சுரண்டினேன்.

இரண்டாம் இரவும் சுரண்டினான்.
"நாயா பேயா?" என்று
பக்கத்துக் காம்பராச் சுவரில் தட்டினார்கள்.

மூன்றாம் இரவு சத்தமில்லை.
பழகிவிட்டான் என்று போர்த்திக்கொண்டேன்.
அப்போதுதான்
கீழ் லயத்துச் செபமாலையின் நாய் நினைவுக்கு வந்தது.
போன மாசம். சங்கிலி கிடந்தது,
கழுத்துப் பட்டி கிடந்தது,
புலிக்கு அவ்வளவுதான் மிச்சம்.

கதவைத் திறந்தேன்.
பனிமூட்டம் இஸ்தோப்பு வரை ஏறியிருந்தது.
கவ்வாத்து தேயிலையைப் பார்த்தபடி நின்றான்,
மயிர் சிலிர்த்து,
அரை வாலை வயிற்றுக்குள் ஒட்டி,
குரைக்கவும் பயந்து.
பீலிக்கரைப் பக்கம் ஒரு செடி ஆடி நின்றது.
காற்றாகவும் இருக்கலாம்.

"வாடா" என்றேன்.
என் குரலே எனக்குக் கேட்கவில்லை.
அவனுக்குக் கேட்டது.

விளக்கடியில் வைத்துப் பார்த்தால்
காதுக்குப் பின்னால் மயிர் கொட்டி
அதே வட்டம்.
யாரிடமிருந்து யாருக்கு வந்தது?
அதைக் கேட்க இங்கே வாங்கு இல்லை.

புதன்கிழமை அரைப்பேர் விழுந்தாலும் பரவாயில்லை என்று
டவுனுக்கு இழுத்துப் போய் ஊசி போட்டேன்.
கம்பிளியை அண்டாவில் அவித்தேன்.
தண்ணீர் பிளேன்டீ நிறமாகியது.
பழைய படங்கு ஒன்றை மடித்துக்
கட்டிலுக்குக் கீழே விரித்தேன்.
எனக்கு ஒரு களிம்பு, அவனுக்கு வேறொன்று.
அவனுடையது விலை கூட.

"மேலே ஏறினால் தெரியும்" என்கிறேன்.
முன்னங்கால் ஒன்றை மட்டும்
பலகையில் வைத்துப் பார்க்கிறான்.
இல்லை.
இடுப்பு வலிக்கிறது. இருந்தாலும் இல்லை.

ஒன்பது மணிக்கு டெலிபோன்.
"யாரது பக்கத்தில் மூச்சு விடுறது?"
"பக்கத்தில் இல்லை" என்றேன், "கீழே."
அவர் சிரிக்கக் கொஞ்சம் நேரம் எடுத்தது.

விளக்கை அணைத்த பிறகு
கை கட்டிலுக்குக் கீழே தொங்குகிறது.
சோப்புப் போட்டுக் கழுவின கை.
ஒரு ஈர மூக்கு அதைக் கண்டுபிடிக்கிறது.

காலையில் மறுபடி கழுவ வேண்டும்.