கொண்டுவந்த இருப்பு

லூத்தரன் தேவாலயத்தின் நிலவறை, பிப்ரவரி.
வெளியே பூச்சியத்துக்குக் கீழே இருபத்திரண்டு.
மேல்கோட்டைக் கழற்றாமலே உட்கார்ந்தோம்
உதவித்தொகைக் குழுவின் ஐந்து பேர்.
பதினோரு விண்ணப்பங்கள்.
பெயர்களின் மேல் கறுப்பு நாடா ஒட்டி
நகலெடுத்து வந்திருந்தாள் லவோன்.
எண்ணூறு பேர் இருக்கிற ஊரில்
நாடா எதற்கு?
இரண்டாம் வரியில் டிராக்டரின் நிறம் வந்துவிடும்,
மூன்றாம் வரியில் நாயின் பெயர்.
அதற்குப் பிறகும்
யார் வீட்டுப் பிள்ளையென்று தெரியாததுபோல்
நடிப்பதுதான் எங்கள் நேர்மை.

கேள்வி ஒன்றுதான்: சேவை என்றால் என்ன?
பத்துப் பேரும் நெடுஞ்சாலை ஓரம்
குப்பை பொறுக்கியிருந்தார்கள்.
ஏழாம் எண் எழுதியிருந்தாள்:
"உங்கள் சங்கத்தின் பான்கேக் காலைவிருந்து முடிந்ததும்
அந்தப் பெரிய காபிக் கொதிகலனை
நான்தான் கழுவுகிறேன். யாரும் சொல்லவில்லை.
இது சேவையா, தெரியாது.
கழுவாவிட்டால் அடியில் பிடித்துவிடும்."
முந்நூறு சொல் கேட்டிருந்தோம்.
அவ்வளவுதான் இருந்தது.

வெர்லின் முதலில் திரும்பினான்.
மூலையில் நின்றது கொதிகலன்.
அதன் வயிற்றில் எங்கள் ஐந்து முகமும்
நீண்டு, கோணித் தெரிந்தன.
இத்தனை வருஷம் அது
தானாகவே சுத்தமாகிறது என்று நினைத்தோமா?
இல்லை. நினைக்கவேயில்லை.

மே மாதம், பள்ளியின் விளையாட்டுக்கூடம்.
கதவளவு அட்டையில் காசோலை:
ஷெல்பி வெட்டர், எழுநூற்றைம்பது டாலர்.
தட்டு ஆறு டாலர் என்றால்
நூற்றிருபத்தைந்து தட்டுப் பான்கேக்.
கணக்கு எழுதுகிறவன் கண்ணுக்கு
அப்படித்தான் தெரியும்.
படம் எடுத்தார்கள். கைதட்டினார்கள்.
அட்டை வண்டிக்குள் நுழையவில்லை;
பின்தட்டில் கிடத்தி, பறக்காமலிருக்க
உதிரிச் சக்கரத்தை அதன்மேல் வைத்தார் அவள் அப்பா.
அசல் பணம்
கல்லூரியில் சேர்ந்த ரசீது வந்த பிறகு.
விதி நான்கு.

ஆகஸ்டில் வந்தது ரசீது அல்ல, கடிதம்.
அப்பா குதிர் ஏணியிலிருந்து விழுந்துவிட்டார்,
இடுப்பெலும்பு.
தானியக் கிடங்கின் எடைமேடையில்
எனக்கு வேலை கிடைத்திருக்கிறது.
பணத்தை அடுத்த எண்ணுக்குக் கொடுத்துவிடுங்கள்.

கொடுத்துவிடலாம் என்றாள் லவோன்.
அவள் கையிலேயே கொடு,
மருந்துக்காவது ஆகும் என்றான் வெர்லின்.
விதி நான்கு என்றார் ஆர்டன்,
விதி நான்கை எழுதியவர்.
பேச்சு முட்டி நின்றது. காபி ஆறியது.
நான் பேரேட்டைத் திறந்து எழுதினேன்:
வெட்டர், 750, கொடுக்க வேண்டியது.

வருஷம் முடியும்,
கோடு இழுப்பேன்,
அதே வரியை அடுத்த பக்கத்தில் இறக்குவேன்.

அறுவடைக் காலத்தில்
கோதுமை வண்டியை எடைமேடையில் ஏற்றினால்
ஜன்னலைத் தள்ளி எண்ணைச் சொல்வாள்.
கொட்டிவிட்டுத் திரும்பினால்
வெற்று வண்டியின் எண்.
இரண்டுக்கும் நடுவில் உள்ளது என்னுடையது.
அந்த 750 பற்றி
அவள் கேட்டதில்லை, நான் சொன்னதில்லை.
ஒருமுறை மட்டும், "அப்பா நடக்கிறார்" என்றாள்,
எண் சொல்லும் அதே குரலில்.

தணிக்கைக்கு வந்த வங்கிப் பையன்
இந்த வரியை அடித்துவிடலாமே என்றான்.
பேனாவை மூடிப்
பையில் செருகிக்கொண்டேன்.

இந்த மார்ச்சில் குதிரில் மிஞ்சியதை விற்கப் போனேன்.
எடைச்சீட்டோடு இன்னொரு தாளும் வந்தது:
இரண்டாண்டுக் கல்லூரி, மாலை வகுப்பு,
ஒரே பாடம், கணக்கியல்.
கட்டணம் 412.

"விதி நான்கு இன்னும் இருக்கிறதா?"
இருக்கிறது என்றேன்.
"மீதி அங்கேயே கிடக்கட்டும்.
அடுத்த பாடத்துக்கு வருகிறேன்."
இன்னும் ஏதோ சொல்ல வாயெடுத்தேன்,
பின்னால் நின்ற லாரிக்காரன் ஹாரனை அழுத்தினான்.

வீட்டுக்கு வந்து எழுதினேன்.
கழிக்க 412. இருப்பு 338.
ஆறு வருஷத்தில் முதல்முறையாக
அந்த வரி அசைந்தது.

கொதிகலனை இப்போது நான்தான் கழுவுகிறேன்.
அடியில் ஒரு வளையம், பழுப்பாக,
என்ன தேய்த்தும் போகமாட்டேன் என்கிறது.
அவள் எதைப் போட்டுத் தேய்த்தாள் என்று
கேட்க வேண்டும்,
அடுத்த சுமை ஏற்றிப் போகும்போது.