இரண்டு புள்ளி

பர்கூரிலிருந்து ஜெகதேவி போகும் சாலையில்
எங்கள் பட்டறை.
கறுப்புக் கல்லை அறுத்து, முகம் தெரியத் தேய்த்து
கடல் தாண்டிச் செத்தவர்களுக்குப் பெயர் வெட்டுகிறோம்.
படிக்கத் தெரியாத மொழி.
கோடு வளைகிற இடத்தில் நானும் வளைவேன்,
நிற்கிற இடத்தில் நிற்பேன்.
ஒன்பது வருஷம், ஒரு பிழை கிடையாது.

பிழை வந்தது ஓர் ஆடியில்.
காற்று கூரைத் தகரத்தைத் தூக்கித் தூக்கி அடித்தது.
ஆர்டர் தாளில் இரண்டாம் எழுத்தின் தலைமேல்
இரண்டு சின்னப் பொட்டு.
கல்மாவு என்று ஊதினேன், போகவில்லை.
பிரிண்டர் அழுக்கு என்று விட்டேன்.
ரப்பர் ஒட்டி, மணல் பீய்ச்சி
பொன் பூசியும் ஆயிற்று.

போட்டோ போன மறுநாள்
ஹாம்பர்க்காரன் போனில் கத்தினதை
ஏஜெண்ட் ஜோதிலிங்கம் நேரில் வந்து கத்தினார்:
"அந்தப் புள்ளி இல்லைன்னா
அவ இளவரசியே இல்ல, தெரியுமா?"

எனக்கா தெரியாது?
ரேஷன் கார்டில் ஒரு புள்ளியைத் தின்று
சென்னம்மாவைச் சென்னமமா ஆக்கி
தாலுகா ஆபீசுக்கு மூன்று தடவை நடக்கவிட்டார்களே.

"யார் சார் இவங்க?"
கோபம் தீர்ந்துபோனதோ என்னவோ
போனைத் தள்ளித் தள்ளிப் பார்த்துச் சொன்னார்.

ரொட்டி சுடுகிறவர் மகள்.
ரயில் நிலையத்தில் டிக்கெட் கிழித்தவள்.
நாடு போய்ப் பட்டம் மட்டும் மிஞ்சின ஒருவனுக்கு
வாக்கப்பட்டாள்.
மாளிகைக்கு நூற்றுப்பத்து ஜன்னல்;
மழைக்கு ஒழுகாத அறை நாலு.
மாமியார் பதினோரு வருஷம்
சாப்பாட்டு மேசையின் கடைக்கோடியில்
உட்கார வைத்தாளாம்.
(இங்கே பாலிஷ் போடுகிற பெண்கள்
மெஷினை நிறுத்தினார்கள்.)
ஆறு ஊருக்குள் புகுந்த ராத்திரி
பெரிய கதவைத் திறந்துவிட்டு
ஊர் மாடுகளைப் பளிங்குப் படியில் ஏற்றினாள்.
நாற்பத்து மூன்று உருப்படி.
நடனக் கூடமெல்லாம் சாணி.
அதற்கப்புறம் ரொட்டிக்காரன் மகள் என்று
யாரும் சொல்லவில்லை.
அவளே சொல்லிக்கொண்டாள்.
கல்லில் இரண்டாம் வரி
அந்தப் பிறந்த வீட்டுப் பெயர்தான்.

மாடு என்றதும்
எங்கள் ஏரிக்கரைக் கல்தான் ஞாபகம் வந்தது.
வில் பிடித்த ஒருத்தன், காலடியில் மந்தை.
வட்டெழுத்து என்று
பார்க்க வந்த காலேஜ்காரர்கள் சொன்னார்கள்.
பெயர் இருந்த இடத்தில் ஆடு உரசி உரசி வழவழப்பு.
அதிலும் புள்ளி கிடையாதாம்.
அதை யாரும் திருப்பி அனுப்பவில்லை.

புதுக் கல் வெட்டினேன்,
புள்ளிகளை முதலில்.
பழைய கல்லின் விலையைப் பத்து மாதம்
சம்பளத்தில் பிடித்தார்கள்.
ஆகவே அது என் கல்.
நாலு பேரை வைத்துப் புரட்டிக்கொண்டுபோய்
பஸ் நிற்கிற புளியமரத்தடியில்
இரண்டு போல்டர் கொடுத்துக் கிடத்தினேன்.

பாலிஷ் பெண்கள் கதையை வீட்டுக்குக் கொண்டுபோனார்கள்.
போன இடத்தில் மாடு நூறாயிற்று,
மாமியாருக்குக் கண் போயிற்று.
கண்டக்டர் விசிலோடு கூவுகிறார்: "ராணிக்கல் எறங்கு!"
இளவரசி வேறு, ராணி வேறு என்று
ஒருதரம் சொல்லிப் பார்த்தேன்.
மாங்கூழ் கம்பெனி லாரிக்கு அதுதான் அடையாளம்.
பஞ்சாயத்துத் தீர்மானத்தில்கூட
ராணிக்கல் முதல் ஓடை வரை தார்ச்சாலை.
(தார் இன்னும் வரவில்லை.)

அங்கே, அவள் ஊரில்,
புள்ளியோடு நிற்கிற கல்லுக்கு
யார் பூ வைக்கிறார்களோ.

போன வாரம் உளியோடு போனேன்,
அந்த இரண்டையும் வைத்துவிடலாம் என்று.
இடம் பார்த்துப் பென்சிலில் குறித்தும் விட்டேன்.
தக்காளிக் கூடையோடு ஒருத்தி வந்து
"கொஞ்சம் தள்ளும்மா" என்றாள்.
தள்ளி உட்கார்ந்தேன்.
பெயர்மேல் கூடையை வைத்துவிட்டு
சில்லறை எண்ண ஆரம்பித்தாள்.