சென்ற கூட்ட அறிக்கையில் ஒரு திருத்தம்

முதலில் போயாவுக்குத்தான் கூடினோம்,
எல்லாருக்கும் லீவு கிடைக்கும் ஒரே நாள்.
போயா என்றால் முழுநிலா.
முழுநிலா என்றால் வேறொன்றும் தெரியாது.
நாலு மாதம் அதே பள்ளங்களை எண்ணினோம்.
ஐந்தாம் மாதம் பியதிலக்க எழுந்து
நட்சத்திரம் பார்க்க வந்தவர்கள்
அது மறையும் இரவையா தேடிப் பிடிப்பது
என்று கேட்டார்.
அன்றிலிருந்து
அமாவாசையை ஒட்டிய சனிக்கிழமை.

இடம்: அப்புத்தளை, கூட்டுறவுச் சங்கத்து மேல்மாடி.
கீழே மா மூட்டை, மண்ணெண்ணெய் வாசம்.
மேல்பிரிவுக்குக் கடைசி பஸ் ஏழேகாலுக்கு.
இருட்டுக்கும் பஸ்ஸுக்கும் நடுவே
பிரபஞ்சத்துக்கு நாங்கள் ஒதுக்கியது
நாற்பது நிமிஷம்.

அதிலும் மூடுபனி.
தெற்குப் பள்ளத்திலிருந்து ஏறும்,
ரயில் பாதையைத் தாண்டும்,
ஜன்னலோரம் நின்று
உள்ளே என்ன பேச்சு என்று கேட்கும்.
ஆகவே பேச்சுத்தான் அதிகம்.
தேயிலை ஆலை எலெக்ட்ரீசியன் மரியசூசை
சனியின் வளையத்தை விளக்க
ரொட்டியின் நடுவை வெட்டி எடுத்தார்.
(வளையம் தேநீர் இடைவேளையில் தீர்ந்தது.)
நான் கார்த்திகை என்றேன்,
பியதிலக்க கெத்தி என்றார்.
எண்ணிப் பார்த்தோம்,
இரண்டு பேருக்கும் ஆறுதான் தெரிந்தது.

நான் செயலாளர்.
பகலில் தபால் கந்தோரில் முத்திரை குத்துபவள்,
திகதி இல்லாத எதையும் நம்பாதவள்.
பதிவுப் புத்தகத்தில் என் கையெழுத்து:
வருகை பதினொன்று. வானம் மூடல்.
வருகை ஒன்பது. வானம் மூடல்.
வருகை பதினான்கு, வடை இருந்தது. வானம் மூடல்.

மாசி, பங்குனி, சித்திரை
மூன்றிலும் கொஞ்சம் திறந்தது.
மூன்றிலும்
அகத்தியர் நட்சத்திரத்துக்கு இடப்பக்கம்
ஒரு வெண்புகை,
ஓரத்தில் நூல் நூலாய்ப் பிரிந்து.
எங்கள் வரைபடம் எதிலும் அது இல்லை.
பென்சிலால் வரைந்து வைத்தேன்.
பெயர் சூட்டுவது
அடுத்த கூட்டத்துக்கு ஒத்திவைக்கப்பட்டது.
கொழும்புக்கு ஒரு கடிதம் போனது.
அதற்கு முத்திரையை நானே குத்தினேன்,
மை கொஞ்சம் கூடவே தொட்டு.

வைகாசியில்
ஆஸ்பத்திரி லாப்பில் சளி பார்க்கும் தவக்குமரி
வேலை முடிந்து நேரே வந்தாள்.
வானம் மூடல்.
சும்மா இருக்க மாட்டாமல்
போன் கோபுரத்துச் சிவப்பு விளக்குக்குக்
குழாயைத் திருப்பினாள்.
அங்கேயும் புகை.
கோயில் குழல் விளக்குக்குத் திருப்பினாள்.
அங்கேயும், அதே இடப்பக்கம்.
கண் வைக்கும் வில்லையைக் கழற்றி
பல்புக்கு நேரே பிடித்தாள்.
'பூஞ்சணம்' என்றாள்,
ரிப்போர்ட் எழுதும் குரலில்.

யாரும் பேசவில்லை.
கீழே யாருக்கோ மண்ணெண்ணெய் அளக்கும் சத்தம்.
பிறகு மரியசூசை மெதுவாகக் கேட்டார்:
'கொழும்பிலிருந்து பதில் வந்ததா?'
வரவில்லை என்றேன்.
அப்போதுதான் சிரித்தோம்.
ரிஸ்மியா டீச்சருக்குக் கண்ணீரே வந்துவிட்டது.

பக்கத்தைக் கிழித்துவிடலாம் என்றார்கள்.
தபால் கந்தோரில் கிழிப்பது கிடையாது,
அழிப்பதும் கிடையாது:
அடியில் இருப்பது தெரிகிற மாதிரி ஒரு கோடு,
பக்கத்தில் சுருக்கொப்பம், திகதி.
அப்படியே செய்தேன்.
கோட்டுக்கு அடியில் அது இன்னும்
நூல் நூலாய்ப் பிரிந்து கிடக்கிறது,
நான் வரைந்தவற்றில் அதுதான் அழகு.

ஆனி.
வருகை பதினாறு.
வானம் மூடல்.
கண்ணாடி சுத்தம்.

அன்று பஸ் பிந்தியது.
ஹோல்ட்டில் ஏழு பேர் நின்றோம்.
பனியில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு கிழிசல்,
அதற்குள் ஏதோ ஒன்று.
குழாய் மேல்மாடியில், பூட்டுக்குள்.
பழக்கதோஷம்,
ஏழு பேரும் ஒற்றைக் கண்ணை மூடிக்கொண்டோம்.
கூட்டம் முடிந்தபின் நடந்தது,
அதனால் பதிவில் இல்லை.